ஜவ்வரிசி ஆலையின் கடைசித் தொட்டி

அன்று காலை ஆலை கேட்டில் நின்றுகொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கராபுரம் போகும் முதல் பஸ் போகவில்லை. பால் வண்டி போகவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட இல்லை. தூரத்தில் புளியமரம் விழும் சத்தம் மட்டும் வந்தது. முதலில் கிளை முறிகிற சத்தம், அப்புறம் தரை அதிர்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, இன்னும் கிட்டத்தில்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு மறிக்கப் போகிறார்கள் என்று ஒரு வாரமாகவே பேச்சு. எங்களுக்குத் தெரியும், மலைக்குத் தெரியவில்லை. வெள்ளிமலைப் பக்கம் பிடுங்கிய கிழங்கு இரண்டு லாரி, முந்தின நாள் சாயங்காலமே இறங்கிக் களத்தில் குவிந்து கிடந்தது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, காத்திருக்கிற சரக்கு இல்லை. பிடுங்கி ஓரிரு நாள் போனால் உள்ளே கறுப்பு ஓடிவிடும். அப்புறம் அது மாட்டுக்குத்தான்.

நான் அப்போது கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருந்த ஒரு ஜவ்வரிசி ஆலையில் சூப்பர்வைசர். படித்தது எட்டாவது. லாரியில் லோடு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவனை முதலாளி கூப்பிட்டு, 'வாய் நல்லா பேசற, ஆளுங்கள மேய்ச்சிப் பாரு' என்று உள்ளே வைத்தார். ஆளை மேய்ப்பது என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த புத்தகம் எதுவும் இல்லை. ஆட்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பேன், அதுதான் என் படிப்பு. இப்போது புதிதாக சூப்பர்வைசர் வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: ஆளைத் தயார் செய்வது எப்படி? அதற்கு நான் இந்த ஒரு சீசனைத்தான் சொல்வது வழக்கம்.

ஊர் பேர் சொல்லிக் கூப்பிடுவது

ஜவ்வரிசி எப்படி வருகிறது என்று தெரியாதவர்களுக்காக நாலு வரி. கிழங்கைத் தோல் சீவி, கழுவி, மெஷினில் அரைத்தால் பால் வரும். அந்தப் பாலைச் சல்லடையில் விட்டால் சக்கை நின்றுவிடும். சக்கைக்குத் திப்பி என்று பேர். பால் தொட்டிக்குப் போகும். தொட்டியில் ராத்திரி முழுக்க நின்றால் மாவு அடியில் படியும், தண்ணீர் மேலே நிற்கும். காலையில் தண்ணீரை இறக்கி, மேலாக இருக்கிற அழுக்கை வழித்து, உள்ளே இறங்கி மாவை மண்வெட்டியால் வெட்டி எடுக்க வேண்டும். தண்ணீரை நேரத்துக்கு இறக்காவிட்டால் மாவு புளித்துவிடும். ஆலையில் உயிர் இருப்பது தொட்டியில்தான்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. எனக்கு முன்னாலிருந்தே வந்தது. காலையில் கேட்டில் நின்று ஊர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம். 'ஏரிக்கரை' என்றால் ஏரிக்கரை ஊர் ஆம்பளைகள் உள்ளே வந்து நேராகத் தொட்டிக்குப் போவார்கள். 'காலனி' என்றால் பக்கத்துக் காலனிப் பெண்கள் உள்ளே வந்து தோல் சீவ உட்காருவார்கள். அவர்களில் மீதிப் பேர் திப்பிக் களத்துக்கு. ஒரு ஊருக்கு ஒரு வேலை. யாரும் யாருடைய இடத்துக்கும் போகமாட்டார்கள், தண்ணிப் பானைகூடத் தனித்தனி. சண்டை இல்லாத ஏற்பாடு என்று முதலாளிக்கு இதில் பெருமை. தொட்டி ஆளுக்கு வருஷம் பூரா வேலை உண்டு. தோல் சீவுகிறவர்களுக்கு சீசனோடு சரி.

தொட்டிக்கு மேஸ்திரி கலியபெருமாள். ஐம்பதைத் தொட்ட வயசு, நரம்பு தெரியும் கால்கள், ஆலை முழுக்கக் கேட்கும் குரல். நான் சூப்பர்வைசராக வந்த முதல் நாள், தொட்டி ஆழத்தைப் பார்க்கலாம் என்று ஒரு காலை உள்ளே வைத்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"காலக் கழுவிட்டு எறங்குங்க. சூப்ரவைசர் கால்ல மட்டும் இன்னா சந்தனமா ஒட்டிக்கினுகீது?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவர் யாரையும் விடமாட்டார். ஒரு தடவை முதலாளியின் மச்சானைக்கூடத் தொட்டியிலிருந்து ஏற்றிவிட்டார். "இது நாலு பேரு வாயில போற பொருளு" என்பார். தண்ணீர் இறக்கும்போது அவர் சொல்வது இன்னொன்று. "தண்ணிய அவசரப்படுத்தாத. அது தானா வெளிய போவும். நம்ம வேல பொறுமையா நிக்கறது, அவ்ளோதான்."

மறியல் நடந்த அந்தக் காலையில் 'ஏரிக்கரை' என்று கூப்பிட ஏரிக்கரையிலிருந்து ஒருவரும் இல்லை. ஊரே ரோட்டில் இருந்தது. கலியபெருமாளும்தான். அவர் பையன் பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தான். அந்த வீட்டில் அந்த மறியலுக்கு அர்த்தம் இருந்தது. காலனிப் பெண்களுக்கு ரோடு வேண்டாம், வரப்பு வழியாக வந்துவிட்டார்கள். மெஷின் ஆள் ஆலைக்குள்ளேயே குடியிருந்தார். கிழங்கு இருக்கிறது, தோல் சீவ ஆள் இருக்கிறது, மெஷின் இருக்கிறது. ஆனால் தொட்டிகள் எல்லாம் முந்தின நாள் பாலோடு நிரம்பி நிற்கின்றன. அவற்றைக் காலி செய்தால்தான் புதுப் பால் விட முடியும். காலி செய்யத் தெரிந்த ஒரு ஊர் முழுக்க வெளியே.

முதலாளி டவுனில் மாட்டிக்கொண்டார், போன் போகவில்லை. நான் கேட்டுக்கும் தொட்டிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

வாய்க்காலில் போன பால்

திப்பிக் களம் தொட்டிகளுக்கு நேர் கீழே. அங்கே வேலை செய்த காலனிப் பெண் அஞ்சலைதான் வந்து கேட்டாள். முப்பது வயசு இருக்கும். எதையும் சிரிக்காமல் சொல்வாள், கேட்கிறவர்கள்தான் சிரிப்பார்கள்.

"சார், நீங்க இப்பிடி நடந்தா தண்ணி எறங்கிடுமா?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. ரெண்டு பேரும் தெரியாம நிக்கறதுக்குப் பதிலா ஒரு தொட்டிய தொறந்து பாக்கலாமே."

அதுவரை காலனி ஆள் தொட்டி மேடையில் ஏறியதில்லை. எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். நான் கொஞ்சம் யோசித்தேன், ரொம்ப இல்லை. களத்தில் கிழங்கு கிடந்தது. "ஏறு" என்றேன்.

முதலில் திறந்தது கடைசித் தொட்டி. அங்கே தவறு நடந்தால் யார் கண்ணிலும் படாது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. பக்கவாட்டில் மேலிருந்து கீழாகத் துளைகள் இருக்கும், கட்டையால் அடைத்திருப்பார்கள். மேல் கட்டையைத்தான் முதலில் எடுக்க வேண்டும். நாங்கள் நடுக் கட்டையைப் பிடுங்கிவிட்டோம். தண்ணீர் சீறிக்கொண்டு போனது. போன வேகத்தில் அடியில் படிந்த மாவையும் கலக்கி இழுத்துக்கொண்டு போனது. வாய்க்கால் வெள்ளையாக ஓடியது. நான் கட்டையைத் தேடுகிறேன், அது எங்கே விழுந்ததோ தெரியவில்லை. அஞ்சலை முந்தானையைச் சுருட்டித் துளையில் அடைத்தாள். பாதித் தொட்டி போய்விட்டது.

"காவாயோரம் மேயற மாடுங்களுக்கு இன்னிக்கு விருந்து" என்றாள்.

இரண்டாவது தொட்டியில் மேல் கட்டையை எடுத்தோம். தண்ணீர் மெல்ல இறங்கியது. அப்போதுதான் கலியபெருமாளின் குரல் எனக்கு ஞாபகம் வந்தது, அவசரப்படுத்தாதே என்பது. அஞ்சலைக்கு அதைவிட அதிகம் ஞாபகம் இருந்தது. வருஷக்கணக்காக அவள் கீழே திப்பி அள்ளிக்கொண்டிருந்தபோது மேலே அவர் தன் ஆட்களைத் திட்டியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. அவர் அவளுக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. கத்தினார், அவள் கேட்டாள். இறங்குவதற்கு முன் குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்தாள். நான் சொல்லாமலே.

மறியல் நீடித்த அத்தனை நாளும் அப்படியே ஓட்டினோம். மாவில் கொஞ்சம் கறை இருந்தது, கொஞ்சம் புளிப்பும் ஏறியது. ஆனால் மலைக்காரர்கள் கிழங்கு ஒன்றும் கறுத்து வீணாகவில்லை. கடைசி நாள் அஞ்சலை என்னிடம் ஒன்று கேட்டாள்.

"சார், மேஸ்திரி வந்ததும் என்ன கீழ எறக்கிடாதீங்க. கடைசித் தொட்டி மட்டும் எனக்கு வுடுங்க. சீசன் முடிஞ்சா நான் ஊர் ஊரா நடவுக்குப் போவணும். தொட்டில இருந்தா வருசம் பூரா அடுப்பு எரியும்."

பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள், தம்பிகளே. சூப்பர்வைசர்கள் சொல்லும் வார்த்தைகளில் மோசமானது அதுதான். நானும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும், "சரி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மண்வெட்டியோடு நின்றவள்

மரங்களை இழுத்துப் போட்டு ரோடு திறந்ததும் முதலில் வந்தது போலீஸ் ஜீப். இந்த நாட்களில் யார் யார் வேலைக்கு வரவில்லை என்று கேட்டார்கள். பஸ்ஸே வராதபோது ஆள் எப்படி வரும், யார் ரோட்டில் நின்றார்கள், யார் வீட்டில் படுத்திருந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றேன். ஒரு பேராவது சொல் என்றார்கள். என் பேரைச் சொன்னேன். முறைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த நாள் ஏரிக்கரை ஆட்கள் வந்தார்கள். கலியபெருமாள் முதுகை நிமிர்த்தாமல் நடந்தார், லத்தி அடி. டவுனிலிருந்து முதலாளியும் வந்துவிட்டார். கடைசித் தொட்டிக்குப் பக்கத்தில் அஞ்சலை மண்வெட்டியோடு நின்றாள். தொட்டி ஆட்கள் அதைப் பார்த்தார்கள், மேடைக்குக் கீழேயே நின்றுவிட்டார்கள். ஒருவரும் ஏறவில்லை.

கலியபெருமாள் அவளைப் பார்க்காமல் முதலாளியைப் பார்த்துப் பேசினார். காலனிக் கால் எறங்கின தொட்டியில் எங்க ஆளுங்க எறங்கமாட்டாங்க, ஊருக்குப் போனால் பதில் சொல்ல முடியாது என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

முதலாளி என்னைத் தனியே இழுத்தார். "இன்னாப்பா இது? நாட்டுல பத்திக்கினு எரியறது பத்தலயா, நீ வேற இங்க கொளுத்தி வெக்கற? அவள தோல் சீவ அனுப்பு."

நான் அவரிடம் தர்மம் நியாயம் பேசவில்லை. பேசியிருந்தால் அவர் என்னையும் சேர்த்து அனுப்பியிருப்பார். கணக்கு தெரிந்தவரிடம் ஆலையைப் பற்றித்தான் பேச வேண்டும். ஒரு ஊர் வரவில்லை என்றால் ஆலை மூடுகிற மாதிரி நாம்தான் வைத்திருக்கிறோம், இன்றைக்கு மறியல், நாளைக்கு அந்த ஊரில் ஒரு சாவு, திருவிழா, எது வந்தாலும் இதே கதைதான் என்றேன். இவளைக் கீழே இறக்கினால் அடுத்த தடவை மேலே ஏற யாரும் வரமாட்டார்கள் என்றேன். அவர் மேடையைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார்.

எனக்கு ஒரு வழி கையிலேயே இருந்தது. 'மேஸ்திரி, நேத்து போலீஸ் வந்தாங்க, நான் உங்க பேரக் குடுக்கல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் ஏறியிருப்பார். நாக்கு நுனி வரை வந்தது. அப்படி ஏறியிருந்தால் அவர் என் அடிமையாகத்தான் ஏறியிருப்பார். செய்த உதவியை வேலை வாங்க எடுத்துக் காட்டினால் அது உதவியாக இருக்காது. சொல்லவில்லை.

அந்த நேரத்தில் அஞ்சலை பேசினாள். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"மேஸ்திரி, ரோட்டுல ஏன் மரத்தப் போட்டீங்கன்னு எங்க தெருவுல ஒருத்தரும் கேக்கல. ஒங்க புள்ளைக்கு ஒரு எடம் கேட்டீங்க. அதுல இன்னா தப்பு? நானும் ஒரு எடந்தான் கேக்கறேன். ஒங்க தொட்டி ஒண்ணும் வாணாம். கடைசில கீதே, அது."

கலியபெருமாள் முதல் தடவையாக அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "தண்ணி நின்னுக்கினுகீது, இன்னாடா வேடிக்க? மொதத் தொட்டியத் தொறங்க."

அவர் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு முதல் தொட்டிக்குப் போனார். இரண்டு பேர் ஏறவே இல்லை. அப்படியே வெளியே போனவர்கள் போனவர்கள்தான், திரும்ப வரவில்லை. நல்ல வேலைக்காரர்கள். அந்த நஷ்டத்தை மறைத்துவிட்டு இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. முதலாளியும் சில நாள் என்னோடு பேசவில்லை, எது வேண்டுமானாலும் வாட்ச்மேன் மூலமாகத்தான் சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் கேட்டில் கலியபெருமாள் நின்றார். "போலீசுகிட்ட நீங்க பேரு குடுக்கலன்னு வாட்ச்மேன் சொன்னாரு. அதுக்காவ நான் தொட்டில எறங்கனேன்னு நெனச்சிக்காதீங்க."

"அதுக்காவ நானும் சொல்லாம இருக்கல மேஸ்திரி" என்றேன்.

"இன்னொண்ணு. அவளுக்கு நான் ஒண்ணும் சொல்லித் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

சொன்னபடியே இருந்தார். கடைசித் தொட்டிப் பக்கம் போகமாட்டார். அஞ்சலையைக் கூப்பிட வேண்டியிருந்தால், 'ஏ, அந்தக் கடைசித் தொட்டி' என்று காற்றைப் பார்த்துக் கத்துவார். அவள் புருஷனுக்குப் பயம். நமக்கு எதற்கு இந்த வம்பு, கீழேயே இருந்துவிடு என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கும் ஒரு நாளும் நிம்மதி இல்லை. காலையில் கேட் திறக்கும்போதெல்லாம் இன்றைக்கு யார் மேடை ஏறாமல் நிற்பார்களோ என்று எண்ணிக்கொண்டே திறப்பேன். டீ குடிக்கும்போதும் கண் தொட்டி மேலேயே இருக்கும். ஆனால் ஒன்று கவனித்தேன். கடைசித் தொட்டியின் தண்ணீர் இறங்குகிற நேரத்தில் மட்டும் கலியபெருமாள் தன் ஆட்களை வழக்கத்தைவிடச் சத்தமாகத் திட்டினார். மேல் கட்டை, நடுக் கட்டை, அழுக்கு வழிக்கிற பதம் எல்லாம் அந்தத் திட்டில் இருந்தது. யாருக்காக அத்தனை சத்தம் என்று நான் அவரைக் கேட்கவில்லை.

சல்லடை கிழிந்த அன்று

சீசன் நடுவில் ஒரு நாள். இடி மழை வரும் போல வானம், களத்தில் காயப் போட்ட ஜவ்வரிசியை வார ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த அமளியில் கடைசித் தொட்டிக்குப் போகும் பால் வழியில் சல்லடை கிழிந்துவிட்டது. பாலோடு திப்பியும் தொட்டியில் விழத் தொடங்கியது. விட்டால் தொட்டி பூரா பாழ். அஞ்சலை உள்ளே இறங்கி, கிழிசலைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் பிடித்தால் இன்னொரு பக்கம் ஊற்றியது. "ஒரு ஆளு வாங்களேன்" என்று கூப்பிட்டாள்.

தொட்டி ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் களத்தின் அந்தக் கோடியில் இருந்தேன், ஓடி வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் கலியபெருமாள் மூன்றாவது தொட்டி மேடையிலிருந்து குதித்து, திப்பிச் சேற்றை மிதித்துக்கொண்டு ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டியபடி ஒரு காலைக் கடைசித் தொட்டிக்குள் வைத்தார்.

"மேஸ்திரி, காலக் கழுவிட்டு எறங்குங்க."

அஞ்சலைதான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கண் சல்லடை மேலேயே இருந்தது. யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை. வேலை மும்முரத்தில் வாயிலிருந்து வந்தது.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். மண்வெட்டிச் சத்தம் நின்றது. காலனிக் கால் பட்ட தொட்டியில் இறங்கமாட்டோம் என்று சொன்னவரை, அந்தக் காலனிக்காரி, காலைக் கழுவு என்கிறாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். தலையைத் தூக்கினாள், முகம் வெளுத்திருந்தது. கை மட்டும் சல்லடையை விடவில்லை.

கலியபெருமாள் தன் காலைப் பார்த்தார். முழங்கால் வரை திப்பிச் சேறு. காலை வெளியே எடுத்தார். நேராகக் குழாயடிக்குப் போனார். அவசரம் இல்லாமல், விரல் இடுக்கு விடாமல், இரண்டு காலையும் தேய்த்துக் கழுவினார். திரும்பி வந்து தொட்டிக்குள் இறங்கினார்.

"அந்தப் பக்கத்த நல்லாப் புடி, அஞ்சலை" என்றார்.

அந்த ஆலையில் அவர் அவள் பேரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் தொட்டி ஆள் ஒருவன் சீண்டியிருக்கிறான், இன்னா மேஸ்திரி, பொம்பள சொல்லிக் கால் கழுவினீங்களாமே என்று. "சொன்னது நான் சொன்னதுதானடா. அவ வாயில வந்துச்சு, அவ்ளோதான்" என்றாராம்.

அஞ்சலை அதற்கப்புறம் அந்த ஆலையில் வருஷம் பூரா வேலை பார்த்தாள். ஊரும் காலனியும் ஒன்றாகிவிட்டதாக நான் சொல்லமாட்டேன். தண்ணிப் பானைகள் ரொம்ப நாள் தனித்தனியாகத்தான் இருந்தன. ஆனால் சல்லடை கிழிந்ததற்கு அடுத்த நாள் காலை கேட்டில் ஊர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தினேன். ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். நேரம் ஆகாதா என்று முதலாளி கேட்டார். ஆகும் என்றேன். 'அஞ்சலை' என்று கூப்பிட்டபோது அவள் சட்டென்று உள்ளே வரவில்லை. தன்னைத்தானா என்று நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

ஆள் தயாராகிவிட்டாரா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று கேட்கிறீர்களே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு தொட்டி வாய்க்காலில் போகும், போக விடுங்கள். அவருக்கென்று ஒரு தொட்டியை ஒதுக்கிக் கொடுங்கள், சின்னதாக இருந்தாலும் சரி. அப்புறம் காத்திருங்கள். வேலையின் விதியை ஒரு நாள் அவர் உங்களிடமே திருப்பிச் சொல்வார், உங்கள் பதவியைப் பார்க்காமல். அன்றைக்குக் கோபப்படாமல் குழாயடிக்குப் போக உங்களால் முடிய வேண்டும். எனக்கும் அந்த நாள் வந்தது, சொன்னவள் அஞ்சலையேதான். போய்க் கழுவிக்கொண்டு வந்தேன்.